என் பொண்ணா இருந்தாலும்

நவம்பர் 9, ஞாயிறு

எழுந்ததும் முதல் வேலையாக, முகம்கூடக் கழுவாமல், கைபேசியை எடுத்து நேற்று வைத்த ஸ்டேட்டஸை நீக்கினேன். தேர்வு மையத்து வாசலில் கவிப்ரியாவை நிறுத்தி எடுத்த படம். நெற்றியில் திருநீறு, கையில் பாஸ்போர்ட். கீழே, ‘என் மகளின் அமெரிக்கக் கனவுக்கு முதல் படி’ என்று நான் எழுதிய வரி. யார் யார் பார்த்தார்கள் என்று விரலை ஓட்டினேன். என் நாத்தனார், அபார்ட்மென்ட் செகரட்டரி, ஆபீஸ் ராம்பிரசாத் சார். எல்லோரும் பார்த்தாயிற்று. பார்த்த பிறகு நீக்கி என்ன பயன். ஆனாலும் நீக்கினேன்.

அமெரிக்காவில் மேல்படிப்புக்கு எழுதும் ஜி.ஆர்.இ. தேர்வில் மதிப்பெண் அங்கேயே, எழுதி முடித்ததும் திரையில் வந்துவிடும். கவி வெளியே வந்து, “கார் எங்கம்மா நிறுத்தியிருக்கே?” என்று மட்டும் கேட்டாள். லட்சுமி மில்ஸ் சிக்னலில் நிற்கும்போதுதான் எண்ணைச் சொன்னாள். “பரவால்ல” என்றேன். அப்புறம் வீடு வரும்வரை ரேடியோ ஓடியது.

வெளிநாட்டுப் படிப்புக்கு அனுப்பும் ஆலோசனை மையத்தில் எனக்குப் பதினோரு வருடமாக வேலை. என்ன மதிப்பெண்ணுக்கு என்ன பல்கலைக்கழகம் கிடைக்கும் என்று பெற்றோர்களுக்குச் சொல்வதுதான் வேலையே. கவியின் மதிப்பெண்ணை இங்கே எழுதப் போவதில்லை. இதை யாரும் படிக்கப் போவதுமில்லை. இருந்தாலும்.

மத்தியானம் கொள்ளுப் பருப்பு கடைந்தேன். உப்புப் போட மறந்துவிட்டது. என் வீட்டுக்காரரும் சொல்லவில்லை, கவியும் சொல்லவில்லை. நான் சாப்பிடும்போதுதான் தெரிந்தது.

நவம்பர் 10, திங்கள்

பையை மேசைமேல் வைப்பதற்குள் ராம்பிரசாத் சார் வந்துவிட்டார். மையம் அவருடையது.

“ஸ்டேட்டஸ் பார்த்தேன் மேடம். எவ்வளவு வாங்கினா நம்ம கவி? முந்நூத்தி இருபது வந்துருக்குமே. வாசல் ஃபிளெக்ஸ்ல நடு இடத்தைக் காலியா வெச்சிருக்கேன்.”

“இல்லீங்க சார். அங்க சர்வர் நின்னு போச்சு. வேற தேதி தர்றேன்னிருக்காங்க.”

அந்தப் பதில் எப்படி வந்தது என்று தெரியவில்லை. சொல்லி முடித்ததும் எனக்கு முதலில் தோன்றியது, இதில் ஓட்டை எதுவும் இல்லை என்பதுதான்.

“அடடா. புள்ள எவ்வளவு டென்ஷனாயிருக்கும்” என்று அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். காபி வரவழைத்துக் கொடுத்தார். குடித்தேன்.

நவம்பர் 12, புதன்

தண்ணீர் லாரி வரவில்லை. வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

நவம்பர் 14, வெள்ளி

கிணத்துக்கடவிலிருந்து மயில்சாமி என்பவர் மகளோடு வந்தார். தேங்காய் நார் மில் வைத்திருக்கிறார். ஜீப்பிலிருந்து ஒரு குலை இளநீரை இறக்கி, வரவேற்பறை சோபாவின் மேலேயே வைத்துவிட்டார்.

“ஃபீஸு தனியாக் கட்டியாச்சுங். இது மேடத்துக்கு. தொண்டை காஞ்சா நல்லதா நாலு வார்த்தை வராதுங்களே.”

மகள் பெயர் நவீனா. சிவில் இன்ஜினியரிங் கடைசி வருடம், கவியைப் போலவே. மதிப்பெண் 298. கவியைவிட இரண்டு அதிகம்.

“முந்நூறுக்கு ரெண்டு கொறையுதுன்னு ராத்திரியெல்லாம் அழுகறாங்க மேடம். லோடுல ரெண்டு காய் கொறைஞ்சா நாங்க லாரியவா திருப்பி அனுப்பறோம்? அமெரிக்காக்காரன் மட்டும் அனுப்பிருவானுங்களா?”

எனக்குச் சிரிப்பு வந்தது. “அப்பா, கொஞ்சம் சும்மா இருங்க” என்றாள் நவீனா.

முந்நூறுக்குக் கீழே என்றால் எங்கள் மையத்தில் யோசிக்க ஒன்றும் இல்லை. ஒரு தாள் இருக்கிறது, எடுத்துக் கொடுக்க வேண்டியதுதான். அதில் மூன்று கல்லூரிகள். மூன்றுமே எங்களோடு டை-அப் வைத்திருப்பவை. நாங்கள் அனுப்பும் ஒவ்வொரு பிள்ளைக்கும் மையத்துக்கு அவர்கள் பணம் தருகிறார்கள். இதைப் பெற்றோரிடம் சொல்வதில்லை. மூன்றிலும் கம்ப்யூட்டரோடு சேர்ந்த மேனேஜ்மென்ட் படிப்புதான். என்ன படித்தவரும் சேரலாம்.

நவீனா தாளை இரண்டு தடவை படித்துவிட்டு, “மேடம், எனக்கு நிலத்தடித் தண்ணி சம்பந்தமாப் படிக்கணும். இங்க அதுக்கு லேப் இருக்குங்களா?” என்று கேட்டாள்.

“எல்லாம் இருக்கும் கண்ணு. அங்க போனா நீயே பாத்துக்குவே.”

மயில்சாமி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். “மேடம், நமக்கு இதெல்லாம் தெரியாதுங். உங்க பொண்ணுன்னு நெனச்சுச் சொல்லுங்க. அனுப்பலாமுங்களா?”

எல்லாப் பெற்றோரும் இந்தக் கேள்வியைக் கேட்பார்கள். என் பதிலும் பதினோரு வருடமாக மாறியதில்லை.

“என் பொண்ணா இருந்தாலும் இதத்தாங்க சொல்லுவேன்.”

இன்றைக்கும் அது எந்தத் தடங்கலும் இல்லாமல் வந்தது. அவர்கள் போன பிறகு இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். நான் எடுத்துக்கொள்ளவில்லை. சளி பிடிக்கும்.

நவீனா தன் கட்டுரையைத் திருத்தக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். ஏன் படிக்க விரும்புகிறேன் என்று எல்லோரும் எழுதித் தரும் கட்டுரைதான். முதல் பக்கம் முழுக்கக் கிணறுகள். கோடை முழுவதும் ஸ்கூட்டியில் ஊர் ஊராகப் போய் ஒவ்வொரு கிணற்றிலும் கயிறு விட்டு நீர்மட்டம் அளந்திருக்கிறாள். நாய் துரத்தியது, ஒரு தோட்டத்துக்காரர் இவளை வரி போட வந்தவள் என்று நினைத்துக் கேட்டைப் பூட்டிக்கொண்டது எல்லாம் இருந்தது. மேனேஜ்மென்ட் படிப்புக்குக் கிணறு எதற்கு. ஒரே கோடாக அடித்துவிட்டேன்.

நவம்பர் 16, ஞாயிறு

காலையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். கவி சமையல் மேடையில் ஏறி உட்கார்ந்துகொண்டு கேட்டாள்.

“அம்மா, முந்நூறுக்குக் கீழ இருக்கறவங்களுக்கு உன் ஆபீஸ்ல ஒரு ப்ரின்ட் அவுட் குடுப்பியே. அதை எனக்கும் ஒண்ணு கொண்டு வா.”

“அது உனக்கு இல்ல.”

“ஏன்?”

குக்கர் விசில் வந்துவிட்டது என்று சொல்லி, அடுப்பை அணைக்கப் போனேன்.

“குக்கர்ல இன்னும் ஆவியே வரலம்மா” என்று சொல்லிவிட்டுத் தன் தட்டை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டாள்.

அவர் பேப்பர் படித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பம்ப் செட் கம்பெனியில் குவாலிட்டி பார்ப்பவர், எதையும் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார். “இந்து, ஊர்ல இருக்கற புள்ளைங்களையெல்லாம் பிளேன் ஏத்தி அனுப்பினே. நம்ம புள்ளைக்கு வந்தா மட்டும் ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கே? மார்க் கம்மின்னா அவளுக்குத்தான கவலை?”

அவளுக்காகத்தான் கவலைப்படுகிறேன் என்று சொன்னேன். அப்படித்தான்.

நவம்பர் 19, புதன்

இன்று டிபன் பாக்ஸை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டேன். கவி கல்லூரிக்குப் போகும் வழியில் கொண்டுவந்தாள். வேண்டாம் என்று சொல்ல நான் போன் செய்வதற்குள் வந்துவிட்டாள். வரவேற்பறையில் ராம்பிரசாத் சார் நின்றுகொண்டிருந்தார்.

“வாம்மா. என்ன இப்படி ஆயிப்போச்சு? மறுபடி எப்ப டேட் குடுத்திருக்காங்க?”

கவி என்னைப் பார்த்தாள். நான் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். என் முகத்தில் என்ன படித்தாளோ, அவர் பக்கம் திரும்பி, “அடுத்த மாசங்க அங்கிள். இன்னும் மெயில் வரல. சர்வர் பிரச்சினைதான, ஃபீஸ் திரும்பக் கட்ட வேண்டாம்னு சொல்லிட்டாங்க” என்றாள்.

சர்வர் என்ற சொல்லை அவர் சொல்லவே இல்லை. எப்படிப் பிடித்தாளோ. ஒருவேளை நான் யாரிடமாவது போனில் சொன்னது அவள் காதில் விழுந்திருக்கும்.

டப்பாவை என் கையில் கொடுக்கும்போது மெதுவாகச் சொன்னாள்: “நாளையிலிருந்து டப்பாவை நீயே ஞாபகமா எடுத்துட்டுப் போயிரும்மா. நான் இந்தப் பக்கம் வரல.”

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருக்கலாம். எலுமிச்சை சாதம். பாதியைக் கொட்டிவிட்டேன்.

நவம்பர் 23, ஞாயிறு

போன வாரமும் இந்த வாரமும் ஓய்ந்த நேரமெல்லாம் கவிக்காகத் தேடினேன். தேடிய விதத்தை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

தரவரிசையைப் பார்க்கவில்லை. கவிக்குப் படிக்க ஆசை தண்ணீரைப் பற்றித்தான்; அதைச் சொல்லிக்கொடுக்கும் அரசுப் பல்கலைக்கழகங்களை, அதிகம் பேர் கேட்டிராத மாநிலங்களில் தேடினேன். ஒவ்வொரு துறையிலும் யார் யார் சொல்லிக்கொடுக்கிறார்கள், என்ன ஆராய்ச்சி செய்கிறார்கள், போன வருடம் அவர்களிடம் படித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று பார்த்தேன். பலரும் இந்தத் தேர்வு மதிப்பெண்ணைக் கேட்பதே இல்லை. கேட்பவர்களும் கல்லூரியில் செய்த ப்ராஜெக்டைத்தான் முதலில் பார்க்கிறார்கள். கவி சிங்காநல்லூர் குளத்தைப் பற்றிச் செய்திருக்கிறாள். அவளுக்குப் பொருத்தமாக ஆறு இடங்கள் கிடைத்தன. ஆறு பேராசிரியர்களுக்கும் அவளே கடிதம் எழுதினாள்.

இவ்வளவு எளிதாகச் செய்யக்கூடிய வேலை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது, அவ்வளவுதான். பதினோரு வருடத்தில் ஒரு பிள்ளைக்குக்கூட நான் இதைச் செய்ததில்லை.

ஆபீஸில் அதற்கு நேரம் கிடையாது என்பதும் உண்மை.

நவம்பர் 28, வெள்ளி

ஒருவர் பதில் எழுதிவிட்டார். பெண் பேராசிரியர். மக்காச்சோளம் விளையும் நடு மாநிலம் ஒன்றில் இருக்கிறார், நிலத்தடி நீர் பற்றி ஆராய்ச்சி செய்கிறார். பெயரை எழுதவில்லை. கைக்கு வரும் முன்னால் பெயர் சொன்னால் நழுவிவிடும் என்று எனக்கு ஒரு பயம்.

ப்ராஜெக்டைப் படித்தாராம், பிடித்திருக்கிறதாம். தேர்வு மதிப்பெண் அவருக்கு முக்கியமில்லை. டிசம்பர் பதினைந்துக்குள் விண்ணப்பிக்கச் சொல்கிறார். வரும் வருடம் அவரிடம் ஒரே ஓர் இடம்தான் இருக்கிறது, உதவித்தொகையோடு.

கவி நாலு தோசை சாப்பிட்டாள். குளிக்கும்போது பாட்டுச் சத்தம் கேட்டது. அவர் பம்ப் ஒன்று நன்றாக ஓடுகிறது என்று சொல்லும் குரலில், “பரவால்லயே” என்றார்.

நன்றாகத் தூங்க வேண்டிய நாள்.

டிசம்பர் 2, செவ்வாய்

மயில்சாமி மட்டும் வந்தார். மூன்றில் ஒன்றிலிருந்து நவீனாவுக்கு அனுமதிக் கடிதம் வந்துவிட்டது. அங்கே எல்லோருக்கும் வரும். அடுத்த திங்கள்கிழமைக்குள் முதல் தவணை கட்ட வேண்டும்.

“மேடம், ஒண்ணு கேட்டாத் தப்பா நெனைக்க மாட்டீங்களே. உங்க பொண்ணும் சிவிலாமுங்களே? ரிசப்ஷன் பொண்ணு சொல்லுச்சு. அமெரிக்காவுக்குத்தான் போகுதாமா?”

“ஆமாங்க.”

“எங்கூட்டுல ஒரே பாட்டுங் மேடம். கண்ணு காணாத ஊருக்குப் புள்ளயத் தனியா அனுப்பறதுக்கு எம்மனசு ஒப்பலைங்கறா. தொணைக்குத் தெரிஞ்ச புள்ள ஒண்ணு இருந்தாத்தான் ஆச்சுன்னு ஒரே பிடி. நீங்கதான் உங்க பொண்ணா இருந்தாலும் இதத்தான்னு சொன்னீங்களே. அப்ப உங்க பொண்ணும் இங்கதானுங்களே போகும்?”

பெண் பிள்ளையைப் படிக்க அனுப்பும் இந்தப் பக்கத்து வீடுகளில் எல்லாவற்றையும்விட இதுதான் பெரிது. கல்லூரி எப்படி இருந்தாலும் சரி, கூடப் போகும் பிள்ளை யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்தாக வேண்டும். எனக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்தும் நான் சொன்னது:

“ம்.”

அவ்வளவுதான். ஆமாம் என்று சொல்லவில்லை. போனில் பேசுகிறவரை மேலே பேசச் சொல்வதற்கு ஒரு ‘ம்’ போடுவோமே, அப்படி.

அவர் எழுந்து இரண்டு கையையும் கூப்பினார். “இது போதுங் மேடம். இனி எங்களுக்கு ஒரு ரோசனையும் இல்லீங்.”

டிசம்பர் 3, புதன்

கார்த்திகை தீபம். அகல்களைத் துடைத்துத் திரி போட்டுக்கொண்டிருந்தபோது மயில்சாமியின் மனைவி போன் செய்தார். இதற்கு முன் பேசியதில்லை.

“நான் நவீனா அம்மாங்க. இன்னிக்கு விளக்கு வெக்கறப்ப உங்க புள்ளைக்கும் சேத்து ஒண்ணு வெச்சேனுங். ரெண்டும் ஒண்ணா இருந்தா எனக்கு ஒறக்கம் வருமுங். உங்க பாப்பாக்கு நார்த்தங்கா ஊறுகா பிடிக்குங்களா? ரெண்டு பேருத்துக்கும் சேத்தே போட்டுர்றேன்.”

பிடிக்கும் என்றேன். அது மட்டும் உண்மை.

பால்கனியில் வைத்த விளக்குகளில் மூன்று காற்றில் அணைந்துவிட்டன. மறுபடி ஏற்றவில்லை.

டிசம்பர் 4, வியாழன்

தலைவலி. லீவு.

டிசம்பர் 6, சனி

காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன். நவீனா.

“மேடம், கவியோட நம்பர் கிடைக்குங்களா? ரூம் பத்திப் பேசலாம்னு.”

“அவ பரீட்சைக்குப் படிச்சுட்டு இருக்கா கண்ணு. அப்புறம் நானே தர்றேன்.”

வைத்துவிட்டுத் திரும்பினால் கவி கதவருகில் நிற்கிறாள்.

“எனக்கு இன்னொரு பரீட்சை வெச்சிட்டியாம்மா?”

நான் அவரைக்காயை நறுக்கிக்கொண்டே இருந்தேன்.

“யாரந்தப் பொண்ணு? என்கூட ரூம்ல தங்கப் போறா, எனக்கே தெரியல.”

சொன்னேன். எல்லாவற்றையும் அல்ல. கிளையன்ட் ஒருவரின் மகள், சிவில், டை-அப் கல்லூரிக்குப் போகிறாள், ஏதோ தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்று.

“ஸ்கோர் என்ன அவளுக்கு?”

“இருநூத்தித் தொண்ணூத்தி எட்டு.”

“என்னைவிட அதிகம்” என்றாள் கவி. பிறகு, “அவளுக்கும் தண்ணிதான் பிடிக்குமா?”

“உனக்கெப்படித் தெரியும்?”

“ஒருநாள் டைனிங் டேபிள்ல ஒரு கட்டுரையத் திருத்திட்டு இருந்தியே. நீ கோடு போட்ட பக்கத்தைப் படிச்சேன். செமையா எழுதியிருந்தா. நாய் துரத்தற இடம்லாம்.” சிரித்தாள். உடனே சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். “அதை ஏம்மா அடிச்சே?”

நறுக்கிய காயை அள்ளிப் பாத்திரத்தில் போட்டேன். அவள் காத்திருக்காமல் போய்விட்டாள்.

டிசம்பர் 7, ஞாயிறு

காலையில் நவீனா போகவிருக்கும் கல்லூரியின் இணையப் பக்கத்தை, கவிக்குத் தேடினேனே அதே மாதிரி, முதல் தடவையாக முழுக்கப் படித்தேன். நெடுஞ்சாலை ஓரம் ஓர் அலுவலகக் கட்டடத்தில் இரண்டு மாடி. கீழே பல் டாக்டர். சொல்லிக்கொடுப்பவர்களின் பெயர்கள் இல்லை. ஆய்வகம் என்ற சொல் எந்தப் பக்கத்திலும் இல்லை. இத்தனை வருடத்தில் எத்தனை பிள்ளைகளை இங்கே அனுப்பினேன் என்று எண்ணத் தொடங்கினேன். பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

பிறகு கிணற்றுப் பக்கத்தை எடுத்துப் படித்தேன். என் சிவப்புக் கோட்டுக்கு அடியிலும் எழுத்து நன்றாகத் தெரிந்தது. கவியின் ப்ராஜெக்ட் நன்றாக இருக்கும். கல்லூரியில் கொடுத்த கணக்குகளை வைத்து ஒழுங்காகச் செய்திருக்கிறாள். நவீனா கிணற்றுக்குள் எட்டிப் பார்த்திருக்கிறாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அந்தப் பேராசிரியர் எதை எடுப்பார் என்று எனக்குத் தெரியும். மதிப்பெண்ணை வைத்து எடைபோட்டே பழகிய எனக்கே தெரிகிறது.

பேராசிரியரிடம் இருப்பது ஒரே இடம். மற்ற ஐந்து பேரிடமிருந்து இன்னும் பதில் இல்லை.

கவியின் மதிப்பெண்ணை நினைத்துத்தான் எனக்கு வெட்கம் என்று ஒரு மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஃபிளெக்ஸில் இடம் போனது, நாத்தனார் என்ன சொல்வாள், இப்படி. அந்த வெட்கம் எப்போது போனது என்று தெரியவில்லை. இப்போது இருப்பது வேறு. அதை எழுத வரவில்லை.

மத்தியானம் ராம்பிரசாத் சாரிடமிருந்து வாட்ஸாப்: ‘கிணத்துக்கடவு பார்ட்டி நாளைக்கு பேமென்ட் கன்ஃபர்ம்தானே மேடம்?’ படித்துவிட்டேன், நீலக் குறி விழுந்திருக்கும். பதில் போடவில்லை.

சாயங்காலம் துணி மடித்தேன். கவியின் நீலச் சுடிதாரில் பட்டன் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது, தைத்து வைத்தேன். அவள் ஹாலில் விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். “அம்மா, இந்த வரியைக் கொஞ்சம் பாரு” என்றாள். போய்ப் பார்த்தேன். நன்றாக எழுதியிருந்தாள். நன்றாக இருக்கிறது என்று சொன்னேன்.

அந்தப் பேராசிரியரின் முகவரியை நவீனாவுக்கும் கொடுப்பதைப் பற்றி அவளிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யலாமா என்று அப்போது ஒரு நொடி தோன்றியது. கேட்டால் சரி என்று சொல்லிவிடுவாள். அன்றைக்கு ராம்பிரசாத் சார் முன்னால் எனக்காகப் பொய் சொன்னவள், இதையும் எனக்காகச் சொல்லுவாள். அப்புறம் அது அவள் கொடுத்ததாகிவிடும், நான் கொடுத்ததாக இருக்காது. கேட்கவில்லை. என் மேல் கோபப்படும் உரிமையாவது அவளுக்கு இருக்கட்டும்.

நாளைக் காலை உக்கடத்திலிருந்து பொள்ளாச்சி பஸ்ஸில் ஏறி, கிணத்துக்கடவில் இறங்கி, மயில்சாமி பணம் கட்டக் கிளம்புவதற்குள் அவர் வீட்டில் இருக்க வேண்டும். ஆறு பல்கலைக்கழகங்களின் பெயரும், அந்தப் பேராசிரியரின் முகவரியும், கோடு இல்லாமல் நான் மறுபடி எழுதி எடுத்த கிணற்றுப் பக்கமும் பையில் இருக்கின்றன. விண்ணப்பிக்க இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. உட்கார்ந்து நானே கூட இருந்து செய்து கொடுத்துவிடுவேன். ஆபீஸுக்கு அதற்குப் பிறகு போக முடியுமா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அவர்கள் வீட்டில் நுழைந்ததும் உட்காரச் சொல்வார்கள், இளநீர் வெட்டுவார்கள், ஊறுகாய் ஜாடியைக் காட்டுவார்கள். அதற்கெல்லாம் முன்னால், வாசலில் நின்றபடியே சொல்லிவிட வேண்டும். என் பெண் அங்கே போகவில்லை, நான் அனுப்ப மாட்டேன் என்று. அதற்கும் முன்னால் அவளுடைய எண்ணை.

இருநூற்றுத் தொண்ணூற்றாறு.